அரசியின் உலாவிக்கும் காவல் பூட்டுக

திரு வளர்க. கழிகள் நீர் நிறைக. உப்பளங்கள் வெயில் பெறுக. உழுதவர் வீட்டில் உலை கொதிப்பதாகுக.

கடல்முகம் காக்கும் கோமாட்டி, கழிக்கரை நாடுடைய ஆழிநங்கைப் பெருந்தேவியாராகிய யாம், எல்லையூராம் நாவல்துறையில் மேல்மலை நாட்டுத் தூதரோடு ஆற்றுநீர் குறித்துப் பேசிவரும் நம் பேரமைச்சர் உதியனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம்முடன் இருக்கும் எழுத்தர், காவலர், படகோட்டிகள் யாவர்க்கும் நலம் உண்டாகுக. அவ்வூர்க் குளிர் உம் இருமலுக்கு ஆகாது; கம்பளியைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு நடுங்கும் வழக்கத்தை இம்முறையேனும் விடுக. இவ்வோலையை ஓலைநாயகத்தைக் கொண்டு எழுதுவிக்காமல் எம் கையாலேயே எழுதுகிறோம். எழுத்துக் கோணலாக இருப்பதற்குப் பொறுத்தருள்க. காரணம் படிக்கப் படிக்க விளங்கும்.

நும் ஓலை கண்டோம். கடல்நீர் ஏறாமல் தடுக்கும் மதகாகிய நம் கீழைத் தூம்பு இடிந்து கிடப்பதை மேல்மலைத் தூதர் முன்னமே அறிந்திருந்தார் என்றும், நம் அவசரம் அறிந்தே பேச்சை இழுத்தடிக்கிறார் என்றும் எழுதியிருந்தீர். அவையில் எவரும் வாய் திறக்கவில்லை என்பதை விசாரித்துத் தெளிந்ததாகவும், செய்தி கசிந்த வழி அரண்மனையில் எம் அறையிலுள்ள உலாவியே என்று கண்டதாகவும் எழுதியிருந்தீர். உண்மை. தூம்புக் கல்லும் மதகுப் பலகையும் எங்கே கிடைக்கும் என்று யாமே அந்த உலாவியின் கண்ணாடித் திரையில் தேடினோம். கண்ணுக்குத் தெரியாமல் பின்தொடரும் ஒற்றர் யாம் பார்த்தவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, கேட்டவர்க்கு விற்றுவிட்டனர். மறுநாளே மதகுப் பலகை விளம்பரங்கள் எம் முன் வரிசையில் நின்றன. யாம் வாயைக் கட்டியிருந்தும் எம் விரல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இத்தகைய விளம்பரங்களைத் தடுத்து, ஒற்றரை வெளியே நிறுத்தும் நீட்சி என்னும் சிறு காவலை நாட்டிலுள்ள உலாவிகள் அனைத்திலும் பூட்ட வேண்டும் என்று ஆணையிட்டதும் யாமே. உப்பளத்தாரும் வலைஞரும் முணுமுணுத்தபடியே பூட்டிக்கொண்டனர். அவ்வாறிருக்க, அரசியின் உலாவி மட்டும் திறந்து கிடப்பது ஏன் என்று நீர் கேட்டிருந்தீர். அந்த ஒரு கேள்வியை மரியாதைச் சொற்களால் எத்தனை மடிப்புச் சுற்றி அனுப்பியிருந்தீர் என்பதைப் பார்த்துச் சிரித்தோம். நேராகவே கேட்டிருக்கலாம். நேராகவே சொல்கிறோம்.

அரச குடியில் ஒருவர் இறந்தால் ஓராண்டு அவர் பெயரை எவரும் சொல்லாதிருப்பது நம் நாட்டுப் பெயரடக்கம். எம் கணவர்க்கு அதை மூன்றாண்டாக்கினோம். மற்றவரினும் மிகுதியாக அவரைச் சிறப்பிப்பதாக எண்ணினோம். அன்று முதல் அரண்மனையில் அவர் பெயர் இல்லை. பணிப்பெண்கள் அவரைக் குறிக்க நேர்ந்தால் மேலே பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகின்றனர். அவர் பெயரைச் சொல்லப் பழகிய கிளியையும் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டனர். எம் ஆணைக்கு இவ்வளவு நன்றாகக் கீழ்ப்படிந்த வேறொரு சமயம் எமக்கு நினைவில்லை.

அவர் நோயுற்றிருந்தபோது முழங்கால் தைலமும் மெத்தென்ற செருப்பும் வாங்க வேண்டி, அவர் பெயரைத் தந்து அந்த உலாவியில் தேடியிருந்தோம். அவர் மறைந்த பின்னும் விளம்பரங்கள் வந்தன. மருதவேளாரின் முழங்கால் இப்போது நலமா என்று ஒன்று வினவும். மருதவேளாரின் அளவுக்குச் செருப்பு மீண்டும் வந்திருப்பதாக மற்றொன்று அறிவிக்கும். முதன்முறை கண்டபோது சினந்து கண்ணாடியைத் துணியிட்டு மூடினோம். மறுநாள் துணியை யாமே எடுத்தோம். அதன்பின் நாள்தோறும் விளக்கேற்றியவுடன் அதன் முன் அமர்ந்து, அந்தப் பெயர் வரும்வரை காத்திருந்தோம்.

அது வணிகர் வைத்த பொறி என்பதை யாம் அறியாமல் இல்லை. அது அவரையும் அறியாது, அவர் இறந்ததையும் அறியாது. அறியாத ஒன்றால்தானே அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பதாக எண்ணிச் செருப்பு விற்க முடியும்? இத்தனை பெரிய மாளிகையில் எம்மிடம் அவர் பெயரைச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதனால் பூட்டவில்லை.

ஆயினும் கீழைத் தூம்பைச் செப்பனிட மேல்மலையார் ஆற்றை மறித்து உதவாவிடில், பெருமழையில் கடல்நீர் வயல்களுக்குள் ஏறிவிடும். எம் சொற்கேட்டுத் தம் உலாவிகளைப் பூட்டிக்கொண்ட மக்களின் நிலம், எம் உலாவி திறந்து கிடந்ததால் உப்பாகிப் போவது தகாது.

ஆதலால் இன்று காலை எம் உலாவியிலும் நீட்சி பூட்டப்பட்டது. ஒன்றே போதும் என்றோம். அதை ஆக்கியவர் யார், அது எவற்றையெல்லாம் பார்க்க இசைவு கேட்கிறது என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றோம். காவலாளியே திருடனாய் அமைவதும் உண்டு. முன்னைய தடங்களை அழிக்கவும் சொன்னோம். அவற்றோடு அவர் பெயரும் போயிற்று. இப்போது அந்தக் கண்ணாடியில் தேடியது மட்டுமே வருகிறது. நாட்டுக்கு அது நன்மை. எமக்கு மிகத் தனிமையாக இருக்கிறது, உதியனாரே.

பூட்டுமுன் நேற்று முழுதும், ஒற்றர் குறித்துக்கொள்ளட்டும் என்றே, கீழைத் தூம்புத் திறப்பு விழாவுக்கென்று தோரணமும் சரவிளக்கும் யானைக்கு முகபடாமும் தேடி வைத்திருக்கிறோம். நீர் இதைப் படிக்குமுன் தூதர் அதைக் கேள்விப்பட்டிருப்பார். தூம்பு செப்பமாகிவிட்டதோ என்று அவர் மெல்ல விசாரித்தால், ஒப்பவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா. வெற்றிலை கொடுத்து விழாவுக்கு அழைப்பீராக. இழுத்தடிப்பதில் பயனில்லை என்று தாமே இறங்கி வருவார்.

இனி ஆணை. இவ்வோலை எழுதிய நாள் முதல் பெயரடக்கம் நீங்கிற்று. அரண்மனையில் அதை அறிவித்தும் எவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஓலைநாயகம் அப்பெயரை எழுத அஞ்சி எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். கிளியும் இத்தனை நாளில் மறந்துபோயிற்று. நீர் அவரோடு படகோட்டியவர். சதுரங்கத்தில் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்தவர். பேச்சு முடித்து நீர் எம் முன் வந்து நிற்கும்போது, வென்றீராயினும் தோற்றீராயினும், முதலில் மருதவேள் என்று சொல்லிவிட்டுப் பிறகே ஆற்றுநீர் பற்றிச் சொல்லக் கடவீர். தூண்களுக்கும் கேட்கும்படி சொல்லக் கடவீர்.

இரட்டைச் சுறா இலச்சினை இட்டோம். இவ்வாணை கழியும் கடலும் கலக்குமளவும் நிற்பதாகுக. விரைந்து வருக.