பியூலாவின் முதல் முட்டை

பல்லாரட்,
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லொரெய்னுக்கு,

இங்கு நலம். பெர்த்தில் நீயும் நம் மகள் ட்ரூடியும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளும் நலம்தானே? சின்னவனுக்கு எடை ஏறியதா? போனில் கேட்கலாம்தான். போனை எடுத்தால் மழை வெயிலைத் தவிர எனக்கு வேறு பேச்சு வருவதில்லை.

ஏப்ரல் வந்ததும் வழக்கம்போல இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொள்கிறேன். போதவில்லை.

பியூலா விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும்போது உள்ளங்கையில் அடங்கிய கோழிக்குஞ்சு, இப்போது என் முழங்கால் உயரம். "இது முதல் முட்டை போடறதுக்குள்ள வந்துடுவேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்று விமான நிலையத்தில் சொன்னாயே, அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கூண்டில் வைக்கோல் பரப்பி, பார்த்தாவது ஆசை வரட்டும் என்று முட்டை போலிருக்கும் என் கோல்ஃப் பந்து ஒன்றையும் வைத்தேன். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். பந்துதான் கிடக்கும்.

பியூலா பொரிந்து வந்த முட்டையைக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு க்ளெண்டாதானே, இது என்ன ரகம் என்று அவளிடமே கேட்டேன். "கறுப்பு நிறமும் பெரிய உடம்பும் அப்பன் ஆஸ்ட்ரலார்ப் சேவலோடது. காலுல இறகு, அஞ்சாவது விரல், அதெல்லாம் அம்மா சில்க்கி கோழியோடது. தலையில இந்தக் குடுமி எவன் குடுத்தான்னு எனக்கே தெரியல. ஆனா டெஸ், இது பெட்டை இல்ல. வால் பக்கத்து இறகப் பாருங்க, கூரா தொங்குது. பெட்டைன்னா வட்டமா இருக்கும்" என்றாள். முதலில் கண்ணாடியை மாற்றிக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். குடுமி மறைத்ததில் கொண்டை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் விடியற்காலையில் கூவிவிட்டது. அதன் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று வெந்நீர் கொண்டுபோனேன். என் கண்ணெதிரே இறக்கையை அடித்துக்கொண்டு மறுபடி கூவியது.

சத்தம் போடும் என்று ஊருக்குள் சேவல் வளர்க்க நகராட்சி விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ராத்திரியில் துணி துவைக்கும் அறையில், கூரை தாழ்ந்த பெட்டிக்குள் வைத்தேன். கழுத்தை நீட்ட முடியாவிட்டால் கூவ முடியாதே. தலையை மடக்கிக்கொண்டு அது என்னைப் பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை. "பாவம், அத எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று க்ளெண்டா கேட்டாள். அதையும் அனுப்பிவிட்டால் நீ வருவாய் என்பதற்கு என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அவளிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை க்ளெண்டாவின் தம்பி வந்து பியூலாவைப் பண்ணைக்குக் கொண்டுபோகிறான். அங்கே வேண்டிய மட்டும் கூவிக்கொள்ளட்டும்.

ட்ரூடிக்கு இப்போது அம்மா வேண்டும், அது எனக்குப் புரியாமல் இல்லை. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். இரண்டு பேருக்கும் தாத்தாவின் முத்தம் கொடு.

லொரெய்ன், பியூலா எந்தக் காலத்திலும் முட்டை போடப்போவதில்லை. அதற்காகக் காத்திருக்காமல் வந்துவிடு.

உன்,
டெஸ்