தணுப்பர்களைப் பாதியில் விட்டுப் போனவனுக்கு

இன்று காலை ஐஸ்பெட்டியின் கண்ணாடி மூடிக்குப் புது ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பழையதைப் பிய்த்து எடுத்ததும் அந்த வாசனை வந்தது. பன்னீர், ஊதுபத்தி, வாடிய பிச்சிப்பூ, இவற்றோடு ஈரம் ஊறிய ரப்பரின் நெடி. எத்தனை வீட்டுச் சாவு அந்த இடுக்கில் ஒட்டியிருந்ததோ தெரியவில்லை. வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வேனின் பின்சீட்டில் போய்ப் படுத்தேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் படுக்கத்தான் தோன்றுகிறது.

படுத்த இடத்தில், சீட்டுக்கு அடியில், உன் நோட்டு கையில் தட்டுப்பட்டது. முன்பக்கத்திலிருந்து திருப்பினால் எந்தப் பெட்டிக்கு எப்போது கேஸ் நிரப்பினோம், எதற்கு ரிலே மாற்றினோம் என்ற கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் தணுப்பர்கள். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இந்த நோட்டு வேனில்தான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தேடவில்லை.

கத்தாரில் பத்து வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன் நீ. ஊருக்கு வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். நீ ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாய். உன் பழைய கேம்ப் ரூம் ஆட்கள் நாலைந்து பேர் போனில் கூடி, ஆளுக்கொரு கற்பனை இனத்தை உருவாக்கி, அந்த இனங்கள் வாழும் ஓர் உலகத்தைப் பேசிப் பேசியே கட்டுவீர்கள். அதில் உன் பங்குக்கு வந்தது, மரணம் தீண்டிய எல்ஃபுகள். நாம் இருவரும் மார்த்தாண்டத்தில் ஐஸ்பெட்டி வாடகைக்கு விட ஆரம்பித்த புதிதில், வேன் ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் இதை ஏதோ குடும்பப் பிரச்சினையைப் போலச் சொன்னாய்.

"எல்ஃபுன்னா என்னதுலே, நம்ம யட்சி மாதிரியா?" என்று கேட்டேன்.

"யட்சி ஆள அடிச்சு ரத்தம் குடிக்கும். இவிய அப்படி இல்ல மக்கா. காது கூர்த்திருக்கும். முந்நூறு நானூறு வருசம் சீவிப்பாவ. ஆனா சாவு இவியள ஒருக்க தொட்டுட்டு, விட்டுட்டுப் போயிருக்கு."

"தொட்டது ஏன் விட்டிச்சு?"

"அதத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

அந்த 'நாம'வில் நான் மாட்டிக்கொண்டேன். படித்தது பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை. எனக்கு எதற்கு எல்ஃபு?

ஆனால் நம் தொழிலில் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். இறந்தவர் வீட்டில் பெட்டியை இறக்கி, மட்டம் பார்த்து, உடலை உள்ளே வைத்து, பிளக்கைச் செருகியபின் குளிர் சரியாக இறங்குகிறதா என்று இருந்து பார்க்க வேண்டும். உள்ளே உட்கார நாம் சொந்தக்காரர்கள் இல்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வேனுக்குள்ளேயோ ஒரு மர நிழலிலோ அந்த நேரத்தைக் கழிப்போம். அப்படிக் கழித்த மணி நேரங்களில்தான் அந்த இனம் முழுக்க உருவானது. பெயர் வைத்தது நான். தணுப்பு என்றால் நம் ஊரில் குளிர்தானே, ஆள் தணுப்பாக இருந்தால் தணுப்பன், கூட்டமாக இருந்தால் தணுப்பர் என்றேன். உன் கூட்டாளி பிலிப்பைன்ஸ்காரன் அதைச் சொல்ல முயன்று தோற்ற கதையை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாய்.

மற்றவர்கள் மந்திரம், சாபம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "தணுப்புன்னு தனியா ஒண்ணு கெடையாது மக்கா. சூட்ட எடுத்து வேற எங்கயாவது கொண்டு தள்ளுனா மிஞ்சுததுதான் தணுப்பு. பெட்டிக்க பொறத்தால கைய வச்சுப் பாரு, சுடும். அப்போ இவியளுக்க சூடு எங்க போவுது?" என்று கேட்டாய். இந்தக் கேள்வி மூன்று நான்கு வீடுகளுக்கு நம்மோடு வேனில் வந்தது.

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் விடை கிடைத்தது. உள்ளே பெட்டியைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாய். அந்த வீட்டு அம்மா, கணவனின் கை கிடந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார் என்றாய். பிறகு, "சாவப்போறவனுக்க கையப் பிடிப்பாவ மக்கா. இவியளுக்க சூடு அவனுக்குப் போவும். அவன் தணுப்பில்லாமப் போவான். அதான் இவிய தணுத்துப் போறாவ" என்றாய்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று வந்தது. நோட்டில் இருக்கிறது. தணுப்பர் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலச் சூடாகத்தான் பிறக்கும். முப்பது வயதில் முதல் கையைப் பிடிக்கும். பிடித்த ஒவ்வொரு கைக்கும் நகத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும், உடம்பில் சூடு ஒரு நூல் குறையும். ரத்தம் நல்லெண்ணெய் மாதிரி கெட்டியாகும். நெஞ்சு விட்டு விட்டு அடிக்கும். அதனால்தான் நெடுநாள் இருக்கிறார்கள். நின்று நின்று ஓடும் கம்பிரசர் நாள்பட உழைக்கும் என்பது உன் நியாயம். சூடு தேடி ஆடுகளோடு படுத்து உறங்குவார்கள். பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்குப் பதிலாக நகங்களைக் காட்ட வேண்டும். கோடு நிறைந்தவரை, கோடு குறைந்தவருக்குத்தான் கட்டிவைப்பார்கள். இரண்டு பேரும் தணுத்திருந்தால் பிள்ளை தங்காது.

அவர்களுடைய வழக்கங்களில் பாதியை நாம் யோசிக்கவே தேவைப்படவில்லை. விடைபெறும்போது தணுப்பர் 'போயிட்டு வாறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில் நாமும் சொல்வதில்லை. தேவைப்படும்போது மட்டும் ஊர் அவர்களைக் கூப்பிடும், மற்ற நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நீ எழுதினாய். என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் போனபோது மண்டபத்து வாசலில், "வண்டிய கொஞ்சம் கண்ணுல படாத எடத்துல போடுங்க" என்றார்கள். சொன்னவர் என் அத்தான். நான் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். மறுநாள் உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தாய்.

சிரித்த நாளும் உண்டு. நம் ஊரில் சவம் என்றால் பிணம் மட்டுமா? ஸ்டார்ட் ஆகாத பைக் சவம், நேரத்துக்கு வராத பஸ் சவம், செல்லமாகத் திட்டினால் நீயும் சவம், நானும் சவம். ஒரு வீட்டில் பெட்டி ஓடவில்லை. நீ குனிந்து வயரை ஆட்டிக்கொண்டே, "சவம், கொண்டு வச்ச ஒடனே எழவ எடுக்குது" என்றாய். இறந்தவரின் தம்பி உன் சட்டையைப் பிடித்தார். "எங்க அண்ணன யாருலே சவம்ன்னு சொன்னது?"

"அண்ணே, நான் மெசினச் சொன்னேன்" என்று கும்பிட்டாய். வேனுக்குள் வந்ததும் ஆளுக்கொரு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அன்று நீ எழுதியது: தணுப்பர் பாஷையில் திட்டுவதற்குச் சொல் கிடையாது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் பக்கத்தில் யாருக்காவது வலிக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் நாம் முட்டிக்கொண்டோம். தணுப்பர் அழக் கூடாது என்று எழுதினாய். கண்ணீர் சூடானது, அந்தச் சூடு சாகப்போகிறவனுக்கு உரியது, அதைச் சொந்தக் கன்னத்தில் வழியவிடுவது திருட்டு. சரி, சொந்த ஆள் மரித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பேனாவைக் கடித்தாய். "அதுக்கு வேற வழி இருக்கணும். பெறவு பாப்பம்" என்றாய். 'தங்கள் ஆள் மரித்தால்' என்று தலைப்பு மட்டும் போட்டு ஒரு பக்கத்தை விட்டுவைத்தாய். நான் இரண்டு மூன்று தடவை நினைவுபடுத்தினேன். "நீ ஏன்லே இதுலயே நிக்க? ஒனக்கு யாரும் போவப்போறாவளா?" என்று கேலி செய்தாய்.

பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் நீ எழுந்திருக்கவில்லை. கடை போனுக்கு உன் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, பெட்டி வேணும்."

"எங்கடே?"

"நம்ம வீட்டுக்கு."

"அப்பாவா?"

"அப்பா இல்லண்ணே."

மார்த்தாண்டத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் வேறு ஆட்களும் உண்டு. ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு மாலை வாங்கிக்கொண்டு, உன் கூட்டாளியாக நான் வந்திருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. உன்னை வேறொருவன் கை தூக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பெட்டிக்காரனாக வந்தால் அழ வேண்டியதில்லை, அவ்வளவுதான். காக்கி பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். மட்டம் பார்த்தேன். உன் தம்பியும் நானும் உன்னைத் தூக்கி உள்ளே வைத்தோம். பிளக்கைச் செருகிவிட்டு வெளியே போய் வேன் பக்கத்தில் நின்றேன்.

உன் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், குவைத்தில் நர்ஸ். லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து வந்து சேர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் நான் வேனை விட்டு நகரவில்லை. மணிக்கொரு தடவை உள்ளே போய்க் குளிர் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்காமல். இரண்டாம் நாள் முற்பகல் மைனி திருவனந்தபுரத்திலிருந்து கார் பிடித்து வந்து இறங்கியவர், வாசலில் என்னைக் கண்டதும் நின்றார்.

"அண்ணே, நீங்க என்னத்துக்கு வெளிய நிக்கிதிய? உள்ள வாருங்க."

"இல்ல மைனி, கரண்டு போயிப்போயி வருது. நான் இங்கன நின்னாத்தான் செரியாவும்."

அன்று கரண்டு ஒருதடவைகூடப் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் உன் தம்பி வந்து, மூடியைத் திறக்கக் கூப்பிட்டான். திறந்தேன். மைனி உன் நெற்றியைத் தொட்டார். எல்லாரும் அந்தக் குளிருக்கு ஒருதடவை கையை இழுத்துக்கொள்வார்கள், நாம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம். அவர் இழுக்கவில்லை. இரண்டு கையாலும் உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேச ஆரம்பித்தார். அப்போதுதான் என் வாய், எல்லா வீட்டிலும் சொல்வதை, அதே குரலில் சொன்னது.

"அஞ்சு நிமிசம் போதும், கேட்டியளா. தொறந்து கெடந்தா தணுப்பு போயிரும்."

மைனி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் கண்டக்டரைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. பிறகு கையை எடுத்துக்கொண்டு விலகினார். நான் மூடினேன். உன்னை எடுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் மூடி திறந்து கிடந்திருந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மெக்கானிக் நீ, உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கல்லறைக்கு வந்தேன், ஓரமாக நின்றேன், பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அழவில்லை. மைனி குவைத்துக்குத் திரும்பும் முன்னால் ஒருநாள் கடைக்கு வந்தார். தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு நான் பின்வழியாகப் போய்விட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வெட்கமாக இருக்கிறது மக்கா. உன் பெண்டாட்டிக்கு உன் முகத்தை ஐந்து நிமிடம் வாடகைக்கு விட்டவன் நான்.

நீ விட்டுவைத்த பக்கத்தை இன்று பார்த்தேன். நானும் அதில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எழுத வராது, அது உன் வேலை. நீ போனதை உன் கேம்ப் ரூம் கூட்டாளிகளுக்கு உன் தம்பி சொல்லிவிட்டான். தணுப்பர்களை அந்த உலகத்தில் யாரும் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறார்களாம்.

போன வாரம் ஒரு வீடு. இறந்தவர் யார், எவர் என்று எனக்குத் தெரியாது, வயதான மனுசன். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிடம் ஆனது. கால் மணி ஆனது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு என்ன கொண்டுவந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு என் ஞாபகம் வந்து நிமிர்ந்தாள்.

"மூடணுமா அண்ணே?"

"மூடாண்டாம் மக்களே. நீ பேசு. போற தணுப்பு போவட்டு."

வெளியே போகலாம் என்றுதான் திரும்பினேன். போகவில்லை. அங்கேயே, அந்த வீட்டு ஆண்களுக்கு நடுவில் கிடந்த ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவினார். இறந்தவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். கூட்டாளி என்று சொன்னேன்.