மாகறல் தெருவில் நின்ற நம் வண்டி

நேற்று மாலை இந்த ஐப்பசியின் முதல் நல்ல மழை. வேலை முடிந்து வண்டியில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஈரம் உள்ளே படியப் படிய அந்த வாசனை மெல்ல எழுந்தது. தேயிலைத் தூள், பழைய ரப்பர் விரிப்பு, கொஞ்சம் தைல மரம். வெயில் காலமெல்லாம் இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். மழை வந்தால் மட்டும் எழுந்து வரும். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நேற்றுதான் தோன்றியது.

இந்த வண்டியை நீதான் முதலில் பார்த்தாய். ஒரே மருத்துவமனையில் நீ வார்டில் நர்ஸ், நான் லேப்பில். உன் வீட்டில் மூன்று பேர், என் வீட்டில் நான்கு பேர். ஏழு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்த காலம். வாலாஜாபாத் போகிற வழியில் பழைய கார் விற்கிற இடத்தில் கரும்பச்சை நிறத்தில் நீளமாக ஒன்று நிற்கிறது என்று சொல்லி, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டர் வைத்திருந்த வண்டியாம். நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் நிற்காது என்று விற்கிறவர் சொன்னார்.

"காஞ்சிபுரத்துல மலை எங்கடி இருக்குது?" என்று உன் காதில் கேட்டேன்.

"மழை இருக்குது இல்ல?" என்றாய்.

அப்படித்தான் அது நம் இருவருக்கும் பொதுவானது. பேப்பர் உன் பெயரில், சாவி ஒரு வாரம் உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் சிரித்தார்கள். நர்சம்மாவும் லேப் அம்மாவும் காட்டுக்குள் புலி பார்க்கப் போகிறார்களாம் என்றார்கள்.

வண்டி நம்மைக் கொஞ்சமாகவா படுத்தியது? டீசலைக் குடித்தது. வலது பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பினால் அடியில் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். ஒரு முறை ஒரு டயர் கிழிந்தபோது, ஓரிக்கையில் நம் மெக்கானிக் ஜாஃபர் பாய் நான்கையும் மாற்றச் சொன்னார். நாலும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் கெட்டுப்போகும் என்று விளக்கினார். நீ அவரோடு அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தாய். கடைசியில், "சரி பாய், நாலையும் மாத்துங்க, இது வண்டி இல்ல, கூட்டுக் குடும்பம்" என்றாய். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் திரும்பினோம், குறுக்கே போக வழியில்லாமல் தெருவின் நீளத்துக்குப் பட்டு நெசவுக்கான பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கான இழைகள் இளவெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு கணவனும் மனைவியும் இரண்டு பக்கமும் நடந்து இழைகளை நீவிவிட்டபடி வந்தார்கள். நீ பின்னால் எடுத்து வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டாய். பின்சீட்டில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. அவர்கள் பாவைச் சுருட்டி எடுத்த பிறகும் அந்த நிறம் தெருவிலேயே தங்கியிருந்த மாதிரி இருந்தது.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் பயம். என் ஊர்ப் பக்கத்துத் தென்னேரி ஏரி ஓரங்களில் வற்றிக் கிடந்த ஒரு சித்திரையில் நீ வண்டியை அந்த வெட்டவெளியில் இறக்கி, என்னை ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைத்தாய். இடிக்க ஒரு மரம் கூட இல்லை. தூரத்தில் மிச்சமிருந்த தண்ணீர் எது, கானல் எது என்று பிரிக்க முடியவில்லை. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். நீ காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றபடி, "எங்க வேணா திருப்பு, எங்க வேணா போ" என்றாய். என் அப்பா காலம் வரை எங்கள் குடும்பம் அந்த ஏரியின் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தது. அதே ஏரிக்குள் நான் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கும் சில நாள் தூக்கத்தில் அந்த வட்டங்கள் வருகின்றன.

என் அம்மா வீட்டுக்கு நீ எத்தனை முறை வந்திருப்பாய்? அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டிருக்கிறாய். மாகறலில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்கு மட்டும் என்னை நீ கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அறுவடை, பொங்கல், கோயில் திருவிழா என்று நீ போய்விட்டு வருவாய். எனக்கென்று ஒரு பை நிறையக் காய் வரும். உங்களுடையது நிலமுள்ள குடும்பம். எங்களுடையது இன்னது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பேசாமல் பதினெட்டு வருடம் கடந்துவிட்டோம்.

உன் மகள் பவித்ராவின் நிச்சயதார்த்தத்தை மாகறல் வீட்டில் வைத்தார்கள். அதற்குத்தான் முதல் முறையாக என்னையும் என் வீட்டாரையும் அங்கே வரச் சொன்னாய். குரலில் ஒரு அழுத்தம் இருந்தது, நான் கவனித்தேன். இரண்டு நாளாக விடாத மழை. நான்தான் வண்டியை ஓட்டிவந்தேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். உன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதே சேதி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் கால்வாய் திருப்பத்தில் சேற்றில் இறங்கிவிட்டது, ஏற்ற முடியவில்லை. வந்திருந்த கார்கள் எதுவும் அந்தப் பக்கம் போகத் துணியவில்லை. நீ வாசலிலிருந்து என்னைப் பார்த்தாய். என் வீட்டாரைப் பந்தலோரம் இறக்கிவிட்டு நான் வண்டியைத் திருப்பினேன்.

சேறு கதவு வரைக்கும் அடித்தது. ஒரு இடத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, முன்சக்கரங்கள் பிடித்து இழுத்தன. இரண்டு நடையில் அவர்கள் அத்தனை பேரையும், தாம்பூலத் தட்டுகளோடு, பட்டு நனையாமல் கொண்டுவந்து வாசலில் இறக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நீங்கள் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெண்ணோட அம்மாவுக்கு ஃபிரண்டு என்றேன். எல்லோரும் உள்ளே போனார்கள்.

நாங்கள் பின்னாலேயே போனபோது உன் பெரியப்பா என் வீட்டுக்காரரைத் தடுத்தார். கோபமாக இல்லை, சிரித்த முகமாகத்தான். "நீங்க கொஞ்சம் வண்டியிலயே இருங்க சார். உங்களுக்கு அப்புறமா தனியா போடச் சொல்றேன்."

அந்தச் 'சார்' இன்னும் என் காதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்து வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் என்னப்பா என்று கேட்டார்கள். நான் சாவியைத் திருப்பினேன். வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போது நீ வந்தாய். ஆரஞ்சுப் பட்டு, வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. ஒரு கையில் இலைக்கட்டு, ஒரு கையில் சோற்று வாளி. பின்கதவைத் தூக்கினாய், கடைசி சீட்டை மடித்தாய், இலைகளைப் போட்டாய். எங்களைப் பார்த்து, "வாங்க, சாப்புடலாம்" என்றாய். எங்களுக்குப் போட்டுவிட்டு உனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு, வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாய். ஊரே பந்தலுக்கடியில் நின்று பார்த்தது. உன் வீட்டுக்காரர் வாசற்படியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாச் சத்தமும் எங்கோ தூரத்தில் நடப்பது போல இருந்தது.

பிறகு உன் அம்மா வந்தார். கையில் ரசச் சட்டி. ஒவ்வொரு இலையாகக் குனிந்து ஊற்றினார். முடித்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று சொல்லி நடுசீட்டில் ஏறி உட்கார்ந்தார். இருக்கையைத் தடவிப் பார்த்து, "நல்லா மெத்துமெத்துன்னு இருக்குதே" என்றார். அவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

நிச்சயம் நின்றுவிடவில்லை. கல்யாணம் காஞ்சிபுரத்தில் மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. ஆனால் மாகறலிலிருந்து வந்த பிறகு ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் நீ லேப் வாசலில் வந்து நின்றாய்.

"என்னைக் கேக்காம, என் பசங்கள நடுத்தெருவுல ஒக்கார வச்சிட்டியே" என்றேன்.

நீ தரையைப் பார்த்தாய். "அந்த ஊர்ல எனக்குன்னு இருந்த எடம் அந்த வண்டி ஒண்ணுதான்மா. வேற எங்க ஒக்கார வைக்கிறதுன்னு தெரியல."

சாவியை நீட்டினாய், என் வாரம் என்று வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் உனக்கு விடாமல் காய்ச்சல் வந்தது. உன் ரத்தத்தை நான்தான் பார்த்தேன். வெள்ளையணுக்களின் அளவைப் பார்த்துவிட்டு, மெஷின் தவறாகக் காட்டுகிறது என்று மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் அதேதான். நீ உள்ளே வந்து என் முகத்தை மட்டும் பார்த்தாய், பேப்பரைப் பார்க்கவில்லை. இருபது வருடம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு அது போதும். "வண்டிய எடு, தென்னேரி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாய். அந்த முறை ஏரி நிறைந்திருந்தது. கரையில் நிறுத்திவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமே என்கிற நினைப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். நீ அழவில்லை. நான் அழுதபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினாய்.

கடைசி மாதங்களில் பின்சீட்டுகளையெல்லாம் மடித்து மெத்தை போட்டு உன்னைச் சென்னைக்கு அழைத்துப்போய் வந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் வேகத்தைக் குறைப்பேன். நீ மல்லாந்து படுத்து ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே வருவாய். "மரமெல்லாம் நீந்திக்கினு போவுதுமா" என்றாய் ஒரு நாள். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய். எங்கே போகிறோம் என்பதை நீ மறந்துவிட்டிருந்தாய் என்று நினைக்கிறேன்.

உன்னை மாகறலுக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் தெருவில், அதே இடத்தில், வண்டியை ஒட்டி நின்றுகொண்டேன். உள்ளே போக நினைக்கவில்லை. உன் அம்மா வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது. கூட்டத்துக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நாற்காலியில் இருந்த உன் பெரியப்பா காலை மடக்கி வழி விட்டார். உன் தலைமாட்டில் என்னை உட்கார வைத்தார் அம்மா. அன்றைக்குத்தான் நீ வளர்ந்த வீட்டைப் பார்த்தேன். நீலச் சுவர். அலமாரியில் நீ பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை. நீ ஓடுவாய் என்று என்னிடம் சொன்னதே இல்லையே.

வண்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வலது பக்கச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. மாதம் ஒரு முறை மாகறலுக்குப் போய் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிவருகிறேன். திரும்பக் கொண்டுபோய் விட்டால், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். உள்ளே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த நிச்சயதார்த்த நாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

அன்றைக்கு இலை போடும் முன் நீ என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் நீ கேட்கவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆனாலும் கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது, உன் மேல் இருக்கிற பிரியத்துக்குப் பக்கத்திலேயே. எதையும் விட மனமில்லை. சில நாள் ஓட்டிக்கொண்டே சத்தமாக உன்னோடு சண்டை போடுகிறேன்.

போன வாரம் அப்படித்தான், பக்கத்தில் அம்மா இருப்பதை மறந்துவிட்டேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவர் இமையை மூடிச் சாய்ந்திருந்தார்.

"அவகிட்டயா பேசிக்கினு வர?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

கன்னத்தில் வழிந்த மருந்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, "நானும் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.