இரண்டு சாமிகளை உடைத்தவருக்கு

மாமா,

உங்களுக்கு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இப்போது என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. இருக்கிறது. கூச்சம் மட்டும் போகவில்லை.

இன்று வகுப்பில் ஒரு பிள்ளை பல்வலிக்குக் கிராம்புத் தைலம் நனைத்த பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு வந்திருந்தாள். கொப்பி திருத்தக் குனிந்தபோது அந்த மணம் முகத்தில் அடித்தது. மஹய்யாவையில் நீங்கள் வைத்திருந்த சீனப் பல் கடை நினைவுக்கு வந்தது. அதற்குமேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. வீதி வேலைக் கங்காணியான அப்பா, கடைவாய்ப்பல் வீங்கி உங்களிடம் வந்தார். நான் கூட வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு வலி பல்லில் மட்டும் இல்லை. வீதியை அகலமாக்க, வளைவில் இருந்த முனியாண்டிக் கல்லை மறுநாள் காலை உடைக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்தார். உடைக்காவிட்டால் அப்பாவின் வேலையும் என் படிப்பும் போகும். உடைத்தால் நாங்கள் இருந்த லயத்து வீடுகளில் ஒருவரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

"சாமி மேல கை வைக்கச் சொல்றானே அண்ணே," என்றார் அப்பா.

நீங்கள் பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்தீர்கள். "எங்க ஊர்ல சாமியே சர்க்கார் உத்தியோகந்தான், கங்காணி."

சீனத்தில் உங்கள் ஊரைக் காக்கும் சாமி அதிகாரியின் அங்கியும் தொப்பியும் போட்டிருக்குமாம். புதிதாக வரும் ஊரதிகாரி முதலில் அந்தச் சாமியின் முன்னால் நின்று, நேர்மையாக நடப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். உயிரோடு இருப்பவர்களை அவர் ஆள்வார், செத்தவர்களைச் சாமி ஆளும். ஊருக்கு நன்மை நடந்தால் சக்கரவர்த்தி சாமிக்குப் பட்டம் கொடுப்பார். மழை பெய்யாவிட்டால் அதே ஊரதிகாரி சாமியைத் தூக்கி வந்து, கழுத்தில் சங்கிலி மாட்டி வெயிலில் உட்கார வைப்பார்.

அப்பா வீங்கிய கன்னத்தோடு சிரித்துவிட்டார். "அப்ப சாமிக்கும் ஒரு துரை இருக்கான்."

"இருக்கான். உங்க துரையவிட மோசம். மழை பேஞ்சா உடனே சலாம் போடுவான்."

பிறகு சக்கரவர்த்தி போனார். புதிய அரசுக்குச் சாமி தேவைப்படவில்லை, பொலிசாரைக் குடிவைக்கக் கோயில் கட்டடம் தேவைப்பட்டது. மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். பத்தொன்பது வயது மாணவனாக இருந்த உங்கள் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். அந்தக் கோயிலில் விளக்கேற்றும் வேலை உங்கள் அப்பாவுடையது. அவர் சாமியின் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"விடுங்கன்னு மூணு தடவ சொன்னேன். அடுத்த வெட்டு அவர் கையில விழுந்திருச்சு. விரல் தரையில கெடக்கு. சாமி முதுகு பொளந்து, சாமிக்கு உயிர் இருக்கணும்னு உள்ள வச்சிருந்த பட்டுநூல் குடல் வெளிய வருது. அந்த மனுசன் விரலத் தேடல. குடலப் பொறுக்கி உள்ள வைக்கிறார்."

காயம் சீழ்பிடித்து அந்த மாதமே அவர் இறந்தார். உத்தரவு போட்டவர் உடைத்த அன்று ஊரிலேயே இல்லை.

"உத்தரவு எங்கேருந்து வேணும்னாலும் வரும், கங்காணி. கோடரிய மட்டும் அந்தச் சாமிக்குச் சொந்தக்காரன் கையிலதான் குடுப்பாங்க. நாளைக்கு நீ கை வைக்காத. நான் வாரேன்."

"வேணாம்ணே," என்றார் அப்பா. ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

பல்லைப் பிடுங்கி முடித்து வாசலுக்கு வந்தீர்கள். "பாப்பா, நாங்க பேசுனது எதுவும் உன் காதுல விழல," என்றீர்கள். தலையாட்டினேன்.

காலையில் அப்பா அலவாங்குக் கடப்பாரையோடு கல்லின் முன்னால் நின்றார். லயமே சுற்றி நின்றது. நீங்கள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அலவாங்கைப் பிடுங்கினீர்கள். மூன்றாவது அடியில் கல் பிளந்தது. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கல் பறந்து வந்து உங்கள் காதைக் கிழித்தது.

"பல்லு புடுங்குறவனுக்குப் பல்லக் கழட்டுங்கடா!"

விறகுக்கட்டையாலும் வேலிக்கம்பாலும் அடித்தார்கள். என் சித்தப்பா உங்கள் நெஞ்சில் ஏறி மிதித்தார். நீங்கள் கையை உயர்த்தவே இல்லை. அப்பா மட்டும் அடிக்காமல் நிற்பதைச் சிலர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதை நீங்களும் பார்த்தீர்கள். தரையில் கிடந்தபடியே, நீயும் அடி என்று அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினீர்கள். அப்பா கீழே கிடந்த அலவாங்கை எடுத்து, அதன் மழுங்கிய முனையால் உங்கள் வாயில் குத்தினார். தாடை உடைந்த சத்தம் வேலிக்கு இப்பால் நின்ற எனக்குக் கேட்டது.

அதன் பிறகு பிலிமத்தலாவைக்குப் போய்க் கடை போட்டீர்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து உங்களைக் கண்டேன். கோணிய வாயோடு கோப்பையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் இறங்கவில்லை. போன மழைக்காலத்தில் நீங்கள் இறந்ததும் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் எழுதிய சரித்திரப் பரீட்சைகளில் அரசையும் மதத்தையும் பற்றி நிறையக் கேட்டார்கள். ஐரோப்பிய மன்னர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதும்போதெல்லாம் என் கண்ணில் நின்றது தரையில் விரல் கிடக்க, நூல் குடலைப் பொறுக்கும் ஒரு கிழவர்தான்.

முனியாண்டிக்கு மேட்டில் புதுக் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஆடித் திருவிழாவில் முதல் மாலை அப்பாவுக்கு. சாமியை உடைத்தவனின் வாயை உடைத்தவர் அல்லவா? இந்த வருடம் கோயில் வரலாற்றை அச்சடிக்கப் போகிறார்கள். எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள்.

"அந்தச் சீனாக்காரன் கதை கட்டாயம் வரணும் டீச்சர். அப்பா குத்துன குத்தையும் நல்லா எழுதுங்க."

அவர்கள் போன பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நான் போனப்புறம் எழுதும்மா," என்றார்.

மாமா, அவர் போன பிறகு எழுதினால் அது அவருக்கு வலிக்காது. உங்களுக்கும் பயன்படாது. அந்த மாலை அவர் கழுத்தில் விழுவதற்கு முன்பே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அவரைக் காப்பாற்றத்தான் நீங்கள் அடி வாங்கினீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இதைக் கடிதத்தின் கடைசிவரை கேட்காமல் வைத்திருந்தேன். அன்று வாசலில் தலையாட்டி நான் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடுங்கள்.