பன்னிரண்டரை மணித் தூக்கமும் ஒரு மணிச் சங்கும்

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், உன் மகள் தென்றல் நலமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா. போனில் பேசினால் பிள்ளை விழித்துக்கொள்வாள், அப்புறம் உன் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள், அதனால்தான் கடிதம். இன்னொரு காரணம், உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

புது வேலைப் பயிற்சி முடியும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளையை விட்டுப்போனபோது பிரிட்ஜில் ஒட்டினாயே அட்டவணை, அதில் பகல் தூக்கம் பன்னிரண்டரை முதல் இரண்டரை. முப்பது வருஷம் நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவன் மணி தவறுவேனா என்று இறுமாப்பாக இருந்தேன். பன்னிரண்டரைக்குத் தொட்டிலில் போட்டேன், தூங்கினாள். ஒரு மணிக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதி, பத்து நிமிஷத்தில் வெடி வைத்தார்கள், எழுந்து ஊரைக் கூட்டினாள். கேட்டுக் கேட்டு எங்கள் காதில் அது விழுவதே இல்லை, இங்கேயே வளர்ந்த நீயும் மறந்துவிட்டாய். நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாளிலிருந்து வெடிக்கு அப்புறம் தூங்கவைத்தேன், பழகிக்கொண்டாள். இப்போது சங்கு ஊதியதும் என் பழைய துண்டை இழுத்துவந்து படுப்பாள், வெடி கேட்டதும் டம் என்பாள், கண்ணை மூடுவாள். தாலாட்டே வேண்டாம். நீ கேட்கும்போதெல்லாம் பன்னிரண்டரைக்கே தூங்கிவிட்டாள் என்று சொல்லிவந்தேன். அதை நம்பி அங்கே டே கேர் பாரத்தில் அதே நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டதாக நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புனேயில் அவளுக்கு யார் வெடி வைப்பார்கள்.

ஞாயிறு சுரங்கம் லீவு. போன ஞாயிறு துண்டோடு படுத்துச் சங்குக்குக் காத்திருந்தாள், மூன்று மணியாகியும் கண் மூடவில்லை. கடைசியில் நான் கொல்லையில் நின்று வாயாலேயே சங்கு ஊதினேன், உன் அம்மா அண்டாவைக் கவிழ்த்து ஓங்கி ஒரு தட்டு. பிள்ளை தூங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வைரக்கண்ணு லீவு நாளில் வெடியா என்று பயந்து எட்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு ஓடிவந்தார், விஷயம் தெரிந்ததும், ஏம்ப்பா ராசாங்கம், ரிட்டயர் ஆயி மூணு வருசமாச்சு, இன்னுமா சம்பளமில்லாம வேலை பாக்குற என்று கேட்டார். பிள்ளை வெடியில்லாமல் தூங்கவேண்டும் என்று உன் அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள்.

இன்றும் ஞாயிறு. பத்து நாளில் நீ வந்து கூட்டிப்போகப் போகிறாய், சோதித்துவிடலாம் என்று பன்னிரண்டரைக்கே துண்டை விரித்தேன். ஊதவில்லை, தட்டவில்லை. என் முகத்தையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களை நம்பிப் பயனில்லை என்று தோன்றியதோ என்னவோ, தானே டம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். பாரத்தை மாற்றவேண்டாம், என் பொய்யைப் பிள்ளை மெய்யாக்கிவிட்டாள். உன் அம்மா சிரித்தாள், அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் அழுதாள். எனக்கும் துக்கம்தான், மறைப்பானேன். அவள் போனபின் ஒரு மணிக்குச் சங்கு ஊதினால் நாங்கள் இரண்டு பேரும் யாருக்குத் துண்டு விரிப்பது.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். துண்டை உன் பெட்டியில் வைத்துவிடுகிறேன், துவைத்துவிடாதே. டம் என்றால் என்னவென்று டே கேரில் முன்கூட்டியே சொல்லிவை. மணி இரண்டரை, சொல்லிவைத்தாற்போல் எழுந்துவிட்டாள்.

இப்படிக்கு
உன் அப்பா
ராசாங்கம்