கொடி பிடித்த பெண்ணின் சிலை

சனி, 3 ஜனவரி 1931. புதுச்சேரி

மூட்டமான வானம், கடற்காற்று. விழுப்புரத்தில் வண்டி மாறி வந்த அலுப்பு தீரவில்லை. காலையில் கப்பல் ஆபீஸ். மைத்துனர் சூசை சைகோன் போய்ப் பதினொரு மாதம். ஒரு கடிதம் இல்லை. குமாஸ்தா பெரிய புத்தகத்தைப் புரட்டினார். "எறங்கின வரைக்கும்தான் எங்க பொறுப்பு. அப்பறம் கடவுள் பொறுப்பு." கூட வந்த மனைவி ரோசம்மாள் அழவில்லை. அவளுக்கு ஒரே அண்ணன்.

மாலை கோவிந்தன் ஊர் சுற்றிக் காட்டினான். என்னோடு ட்ரெயினிங் படித்தவன், இங்கே வாத்தியார். பார்த்தவை: கவர்னர் மாளிகை (வெளியிலிருந்து). பழைய கலங்கரை விளக்கம். செஞ்சிக் கோயில் தூண்களுக்கு மேலே ஒரு துரை சிலை. நூல் பிடித்த தெருக்கள். எனக்கு ஏக குஷி. வந்த காரியம் மறந்தே போயிற்று.

ஞாயிறு, 4

கடற்கரைப் பக்கத்து மாதா கோயிலில் பூசை. எதிரே கவசம் போட்டு, கொடி பிடித்த ஒரு பெண் சிலை. வெளியே வந்தால் ரோசம்மாள் அதன் முன் முழங்காலில். உதட்டில் அண்ணன் பெயர்.

கோவிந்தனும் அவன் பள்ளி வாத்தியார்கள் இரண்டு பேரும் பக்கத்தில். சரித்திர வாத்தியாரான என்னால் சும்மா இருக்க முடியுமா? "ஏட்டி, எழும்பு. அது புனிதை இல்ல, பிரெஞ்சு சண்டைக்காரி. சூனியக்காரின்னு சாமிமாரே தீயில போட்ட பெண்ணாக்கும்." எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்க.

எழுந்து சேலை மண்ணைத் தட்டினாள்.

வெள்ளி, 9. புதுக்கடை

நல்ல வெயில். ஊர் திரும்பினோம், பள்ளி திறந்தாயிற்று. பங்குச் சாமியாரிடம் சிலைக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவள புனிதையா உயர்த்திப் பத்து வருசமாச்சு, வாத்தியாரே. உமக்கப் புஸ்தகம் பழசு."

காது சூடாகிவிட்டது. வீடு வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்த நாளாக ரோசம்மாள் அண்ணன் பேச்சையே எடுப்பதில்லை. இப்போதுதான் உறைக்கிறது. வெட்கம்.

சனி, 10

நோட்டுத் திருத்த உட்கார்ந்தேன், ஓடவில்லை. அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது புனிதைதான்."

நிமிரவில்லை. "தெரியும். கோயிலுக்குள்ள நின்ன கன்னியாஸ்திரி அம்மைட்ட கேட்டுட்டுத்தான் முழங்காலு போட்டேன்."

"பின்ன ஏன் அங்கயே சொல்லல்ல?"

"மூணு வாத்தியாருக்கு முன்ன உங்க படிப்பு என்னாவும்?" செதிலை வழித்துத் தள்ளினாள். "எனக்க அண்ணனுக்காவ பாதி செபம்தான் சொல்லியிருந்தேன். அதுக்குள்ள எழும்பச் சொல்லிட்டிய."