இரண்டும் இடது கை

மார்ச் 4

தோள் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லையாம். முதலில் ரத்தம், அப்புறம் தைராய்டு, இப்போது இது. எல்லாம் நார்மல் என்று டாக்டர் சிரித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்படியானால் சீப்பைத் தூக்கினால்கூட ஏன் கை கனக்கிறது? விடிந்ததும் வயிறு ஏன் பிசைகிறது? வேலைக்கள்ளி, வேறென்ன.

மார்ச் 7

குளிக்கவில்லை. அப்படியே அண்ணியின் தையல் கடைக்குப் போய் நின்றேன்.

மார்ச் 11

பள்ளிக்கூட டீச்சர் தைக்கக் கொடுத்த கோட்டுத் துணியைக் கெடுத்துவிட்டேன். துணி குறைவு, மடித்துப் போட்டு வெட்ட முடியாமல் கோட்டின் கைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டாவது கைக்கு அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும். போடவில்லை. இரண்டும் இடது கை! தையல் பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது — இதெல்லாம் ஒரு சாக்கா?

டீச்சர் வந்ததும் அண்ணி முந்திக்கொண்டார். "நான்தாங்க வெட்டினேன். அவசரத்துல கவனிக்கல. வேற துணி எடுத்து நானே தைச்சுத் தரேன்."

நான் ஊசியைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்திருந்தேன். டீச்சர் போகும்வரை நிமிரவே இல்லை.

மார்ச் 12

காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். நிஜமாகவே காய்ச்சல் வந்தால் எவ்வளவு மரியாதை.

மார்ச் 14

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, "யாரைத் திட்டுறே?" என்றார்.

வாய்விட்டே திட்டியிருக்கிறேன். மண்டு, தண்டச்சோறு, பூமிக்குப் பாரம் —

"யாரையும் இல்ல அண்ணி."

"இதுல பாதி நான் உன்னைத் திட்டினா உங்க அண்ணன் என்னைச் சும்மா விடுவாரா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. ஐயோ, கடைக்கு வந்தவங்க முன்னாடியா அழணும்? இருந்த மானமும் போச்சு.

"நாளைக்குக் கடை லீவு. மனநல டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன்" என்றார் அண்ணி. எந்த முகத்தோடு போவது? நிஜமான நோயாளிகளின் நேரத்தைத் திருடவா?

மார்ச் 15

போனோம். தோள், வயிறு, தூக்கம் எல்லாம் சொன்னேன். இந்த டாக்டர் சிரிக்கவில்லை. "வலி நிஜம்தாம்மா. மனசு இப்படிச் சோர்ந்து கிடந்தா உடம்பும் வலிக்கும். எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா" என்றேன், வாய் கூசாமல்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "நான் கல்யாணமாகி இவங்க வீட்டுக்கு வந்தப்பவே இப்படித்தான் டாக்டர். அது ஆச்சு பதினோரு வருஷம்."

இத்தனை வருஷமும் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துதான் தினமும் என் கையில் கத்தரியைக் கொடுத்திருக்கிறார்.

"ஆமா டாக்டர்" என்றேன்.